சாமணம்

டொக்டர் கழித்துப்போட்ட வளைந்த சாமணம்
எனக்கு வந்தது.
நுனி ஒரு மயிரளவு விலகிவிட்டதாம்.
பஞ்சு பிடிக்க ஆகாது.
நட ஆகும்.

வெள்ளவத்தையில்
காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஒழுங்கை,
இரண்டாம் மாடி, பல் வைத்தியம்.
ரயில் போகும்போதெல்லாம்
காத்திருப்பறைத் தொட்டியில் தண்ணீர் கோடுகோடாய் நடுங்கும்.
அது அடங்கும் முன்பே யாராவது
"நோகுமோ மிஸ்?" என்பார்கள்.

முன்பு அதற்குள் பிளாஸ்டிக் பவளமும்
வாய் திறந்து மூடும் ஒரு புதையல் பெட்டியும் இருந்தன.
வாய் திறப்பவர்கள் இங்கே ஏற்கனவே போதும் என்று
பெட்டியை நான்தான் தூக்கினேன்.

பொரளைக் கடையில் நவ்ஷாட்
யோகட் கோப்பை ஒன்றை நீட்டினான்.
"தரையோட போகும், நிமிராது.
அவசரக்காரருக்கு நான் விக்கிறல்ல."
எண்ணூறு ரூபாய்.
குண்டூசித் தலையளவு இலைகள்.

ஒரு தண்டு, ஒரு வேர், இரண்டு இலை
என்று பிரித்தேன்.
சாய்வாக மணலில் குத்தி,
அழுத்தம் விட்டு,
சாமணத்தை வந்த வழியே இழுக்க வேண்டும்.
நேரே இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும்.
நாற்பத்தேழு நட்டேன்.
காலையில் பத்தொன்பது மேலே மிதந்தன.

திரும்ப நட்டேன்.

சோடாப் போத்தலில் சீனி, ஈஸ்ட், வெந்நீர்,
மூடியில் துளைத்த சேலைன் குழாய்.
செக்கனுக்கு ஒரு குமிழ்.
கூட்ட வந்த சோமாவதி அக்கா முகர்ந்து பார்த்து
"பல்லுக் கடையில கள்ளா?" என்று கேட்டு
நாள் முழுக்கத் தனியே சிரித்தாள்.

இரண்டாம் கிழமை இலைகள் கரையத் தொடங்கின.
முதலில் மஞ்சள்,
பிறகு நனைந்த டிஷ்யூ போல,
பிறகு ஒன்றுமில்லை.
டொக்டர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்,
சொத்தைப் பல்லைத் தட்டுவது போல.
"திங்கட்கிழமை பிளாஸ்டிக் புல்லு வரும்."

காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்கு உதவாது,
அதைக் கழற்றிவிட்டுத்தான் செடி
தண்ணீருக்குள் குடியேறும் என்று
நான் அவருக்குச் சொல்லவில்லை.
பண்டாரவளையிலிருந்து வந்த முதல் மாதம்
எனக்கும் தலைமயிர் கொட்டியது.
உப்புக்காற்று என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.
ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்து
மருந்து மணம் போன தண்ணீரை
தட்டொன்றின் மேல் மெல்ல ஊற்றினேன்.
கண்ணாடிப் பாசியைப் பழைய பல்தூரிகையால் தேய்த்தேன்.
(இங்கே அதற்கு மட்டும் பஞ்சமில்லை.)
கரண்ட் போன மாலைகளில்
குமிழ் எண்ணிக்கொண்டு இருட்டில் இருந்தேன்.

சனிக்கிழமை றிஸ்மியா டீச்சர்,
கொடுப்புப் பல்.
விறைப்பூசி போட்டு வெளியே இருத்தியிருந்தது.
பாதி உதடு அவருடையதாய் இல்லை.
ஏதோ சொல்லப் பார்த்தார், வரவில்லை.
என் கையைப் பிடித்து இழுத்து
தொட்டியின் இடது மூலையைக் காட்டினார்.

கரைந்துபோனது என்று நான் கணக்கிலிருந்து விட்ட இடத்தில்
வெள்ளை நூல் ஒன்று
மணலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போயிருந்தது.
அதன் முனையில் கடுகளவு பச்சை, இரண்டு.
ஒன்றின் அடியில் ஒரு முத்துக் குமிழ்.

மருந்து உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்:
மூச்சு விடுதா?

ஓம் டீச்சர்.

உள்ளே கூப்பிட்டார்கள். போனார்.
வாசலில் நின்று
இன்னொரு முறை அந்த மூலையைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிளாஸ்டிக் புல்லு திங்கட்கிழமை சொன்னபடியே வந்தது.
வாசலில் விரித்துவிட்டேன்.
வருபவர்கள் அதில்தான் மணலைத் தட்டிவிட்டு வருகிறார்கள்.
டொக்டரும்.

இப்போது மாதம் ஒரு தரம் கத்தரிக்கிறேன்.
கத்தரித்ததைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன்,
பிடுங்கிய பல்லைக் கொடுக்கும் அதே சின்ன உறையில்.
யாருக்கு எது என்று
ஒரு தரம் மாறியும்விட்டது.

மிதந்த பத்தொன்பதில் பதினெட்டைத்தான் திரும்ப நட்டிருந்தேன்.
மற்றது
வடிகட்டியின் வாயில் மாட்டிக்கொண்டு,
மணலே இல்லாமல்,
அங்கேயே வேர் விட்டிருக்கிறது.
சாமணத்தை அந்தப் பக்கம்
நான் கொண்டுபோவதில்லை.